நாலு மாசப் பாப்பாவோடு என்ன பேசுவது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பது இது. மகளுக்கு நாலு மாசம் முடிந்திருக்கிறது. கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, வீட்டில் மாமியார்தான் துணை. இன்னும் இரண்டு மாசத்தில் புதுச்சேரியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூளை வளர்ச்சிக்கு என்று 4,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ளாஷ் கார்டு செட் விற்கிறார்கள், வாங்கலாமா? ஒன்றும் புரியாத குழந்தையிடம் என்னதான் பேசுவது? இங்கிலீஷில் பேசிப் பழக்கினால் நல்லதா?

கார்டு வேண்டாம். 2014-ல் அமெரிக்காவில் 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கார்டு, வீடியோ எல்லாம் சேர்ந்த 'வாசிக்கக் கற்றுத்தரும்' செட்டை ஏழு மாசம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு கூட்டமும் வாசிப்பில் ஒரே இடத்தில்தான் நின்றன. ஒரே ஒரு வித்தியாசம், செட் வாங்கிய வீட்டுப் பெற்றோர் தங்கள் பிள்ளை படிக்கிறது என்று நம்பினார்கள். விற்பவருக்கு அது போதும். உங்கள் பாப்பாவுக்கு வேண்டியது வேறு.

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை நெருங்கிவிடும். தலைச் சுற்றளவிலேயே இது தெரியும்: பிறந்தபோது 34, 35 சென்டிமீட்டர், முதல் பிறந்த நாளில் 45, 46. தடுப்பூசிக்குப் போகும்போது டேப் வைத்து அளந்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எடை போடுகிற பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே, நரம்பு செல்களுக்கு நடுவே முதல் சில வருஷங்களில் வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் உண்டாகின்றன. உண்டாவதெல்லாம் நிலைப்பதில்லை. கொல்லையில் ஆள் நடக்க நடக்கத்தான் தடம் விழும், நடக்காத இடத்தைப் புல் மூடிவிடும். மூளையிலும் அப்படித்தான், திரும்பத் திரும்பப் பயன்படும் இணைப்பு உறுதியாகும், மற்றது உதிரும். எது உறுதியாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பாப்பா ஒன்று செய்ததும் எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான்.

இதை எசப்பாட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அடியைப் பாப்பா எடுப்பாள்: ஒரு 'ங்ஙா', ஒரு பார்வை, காலை உதைப்பது, சிணுங்கல், எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அதைக் கவனித்து, முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், பதில் சொல்ல வேண்டும். 'ங்ஙா' என்றால் நீங்களும் 'ங்ஙா' என்று சொல்லிவிட்டு, 'அப்படியா, காக்கா வந்துச்சா' என்று ஒரு வார்த்தை சேர்க்கலாம். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். நாம் பதில் சொல்லி முடித்ததும் அடுத்ததைப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். நாலு மாசக் குழந்தை கேட்டு, வாயைத் தயார்செய்து, சத்தம் எழுப்ப ஐந்து முதல் பத்து வினாடிகூட ஆகலாம். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறில் ஏழில் உதடு அசையும், கால் உதைக்கும். அது அவளுடைய அடி. பேச்சுக் கொட்டுவதைவிட இப்படி மாறி மாறி நடப்பதுதான் முக்கியம். 2018-ல் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில், மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பதோடு ஒட்டிப்போனது, காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகளே.

'போதும்' என்பதற்கும் அவளுக்குப் பாஷை உண்டு. முகத்தைத் திருப்புவாள், கொட்டாவி விடுவாள், விரல்களை விரித்து முதுகை வில்லாக வளைப்பாள், திடீரென்று விக்கல் எடுப்பாள். அப்போது அவள் கண் போகும் பக்கமெல்லாம் போய் 'இங்க பாரு, இங்க பாரு' என்று கூப்பிடாதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் தானாகத் திரும்பிப் பார்ப்பாள். விளையாட்டுக் காட்டுகிற சொந்தக்காரர்கள் குழந்தையை அழவைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதிலே வராவிட்டால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் காட்டினார். தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடிவிட்டு, சில நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் வெறித்துப் பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். தாய் பழையபடி சிரித்ததும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், ஆகவே அவ்வப்போது தவறினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பால் கொடுத்தபடி கைபேசியை நகர்த்திக்கொண்டிருக்கும் முகத்தை ஒரு நாள் கண்ணாடியில் பாருங்கள். அசைவில்லாத அந்த முகம்தான் அது. பால் குடிக்கும்போது உங்கள் முகம் அவளுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெளிவாகத் தெரிந்த தூரம் அதுதான். ஒரு நாளில் எத்தனை வேளை பால் கொடுக்கிறீர்களோ அத்தனை எசப்பாட்டு கையிலேயே இருக்கிறது.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். குளிப்பாட்டும் நேரத்திலிருந்து தொடங்கலாம், அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குளிப்பாட்டுவது மாமியார் என்றால் அதை அவர்களிடமே விடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்க்கும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தொடுதல், முகம், குரல், ஒரே வரிசையில் நாள்தோறும் நடப்பது எல்லாம் சேர்ந்து கிடைக்கிறது. வரிசை மாறாமல் இருப்பது நல்லது: முதலில் கால், பிறகு கை, நெஞ்சு, முதுகு. 'இப்ப எந்தக் கை? இந்தக் கையா?' என்று கேட்டு, எண்ணெய்க் கையை அந்தரத்தில் நிறுத்திக் காத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பாப்பா அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பது தெரியும்; கேட்ட கை துள்ளும். எதிர்பார்ப்பது நினைவு வேலை செய்வதன் அடையாளம். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், உள்ளங்கை மரத்த கை, ஏமாற்றிவிடும். சில பழக்கங்களை மட்டும் விட்டுவிடலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். மூக்கை நீவி எடுப்பது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, மூடிய அறையில் சாம்பிராணி மூட்டம் போடுவது, இதெல்லாமும் வேண்டாம். கண்ணுக்குள் மை தீட்டுவதையும் நிறுத்துங்கள். கடை மை, சுர்மா சிலவற்றில் ஈயம் இருக்கிறது, ஈயம் நேராக மூளையைத்தான் கெடுக்கும். வசம்பைக் கையில் கட்டினால் வாய்க்குப் போகும், உரைத்தும் புகட்ட வேண்டாம். மாமியாரிடம் சொல்லும்போது 'ஆயா (பாட்டி) செய்வது தப்பு' என்ற தொனி வந்தால் மொத்தமும் கெட்டுப்போகும். அடுத்த தடுப்பூசிக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நர்ஸ் வாயால் சொல்லவைப்பது சுலபம்.

குப்புறப் போடுவது அடுத்தது. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. உங்கள் மகள் அதன் வாசலில் நிற்கிறாள். தவழத் தொடங்காத குழந்தையை விழித்திருக்கும்போது நாளுக்கு மொத்தம் 30 நிமிஷமாவது குப்புற விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் முடியாது. மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோரைப் பாயில் ஒரு போர்வை விரித்து, நெஞ்சுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, எதிரே நீங்களும் குப்புறப் படுத்து முகத்தை அவள் கண் மட்டத்தில் வையுங்கள். 'போட்டாலே அழுகிறாள்' என்பவர்கள் மூன்று இடத்தில் தவறுகிறார்கள்: பால் குடித்த உடனே போடுகிறார்கள் (அரை மணி நேரம் போகட்டும்), புதையும் மெத்தையில் போடுகிறார்கள், போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அப்போதும் அழுதால் உங்கள் நெஞ்சின் மேலேயே குப்புறப் படுக்கவையுங்கள், அதுவும் கணக்கில் சேரும். அப்படியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும்.

தூளி இதற்கு நேர் எதிர். விழித்திருக்கும் குழந்தை தூளியில் கிடந்தால் அவளுக்குத் தெரிவது சேலைத் துணி மட்டும்தான். கழுத்துக்கும் வேலை இல்லை, பேச்சுக்கும் ஆள் இல்லை. உறங்கச் செய்ய ஆட்டுங்கள், தூங்கியதும் சமதளத்தில் மல்லாக்கப் போடுவது பத்திரம். வாக்கர் வாங்கவே வேண்டாம், கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. மர நடைவண்டி நல்லது, ஆனால் பிடித்துக்கொண்டு தானாக நின்று காலெடுத்து வைத்த பிறகு.

அடுத்த மாசங்களில் பாட்டு மாறும். ஆறு, ஏழு மாசத்தில் 'பா பா பா', 'மா மா மா' என்று அடுக்குவாள். நீங்களும் அதே அடுக்கைச் சொல்லி, ஒரு தடவை 'பா பா... மா' என்று மாற்றிப் பாருங்கள், முகத்தில் ஆச்சரியம் தெரியும். எட்டு மாசம் வாக்கில் கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்பது பிடிபடும். டம்ளரைத் துண்டால் மூடி 'எங்க காணோம்?' என்று கேட்டுக் காத்திருங்கள்; முதலில் பாதி தெரிகிற மாதிரி மூடுங்கள், முழுக்க மூடினால் மறந்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து அக்குள் வரை விரல் ஓடும் விளையாட்டில் சுவையே அந்தக் கடைசி நிறுத்தம்தான், அவசரப்பட்டுக் கிச்சுகிச்சு மூட்டிவிடாதீர்கள். ஒன்பதாம் மாதம் மரபில் சப்பாணிப் பருவம், கைகொட்டும் பருவம். ஒன்பதிலிருந்து பதினாலு மாசத்துக்குள் விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிப்பார்கள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது நடப்பது இதுதான்: இரண்டு பேர் ஒரே பொருளைப் பார்த்து, 'நீயும் பார்க்கிறாயா' என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வது. சொல் கற்பதற்கு வாசல் அது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தூக்கிப் போனால் நீங்கள் அலையைக் காட்டுவீர்கள், அவள் நாயைப் பார்ப்பாள். நாயைப் பற்றிப் பேசுங்கள். அவள் பார்ப்பதற்குப் பெயர் சொன்னால் ஒட்டும். நாம் பார்க்கவைத்துச் சொன்னது அவ்வளவாக ஒட்டாது.

மொழி விஷயம். ஆறு முதல் எட்டு மாசக் குழந்தைக்கு உலகத்து மொழிகளின் ஒலி வித்தியாசங்கள் ஏறக்குறைய எல்லாமே காதில் பிரிந்து கேட்கும். 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள த, ட ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். அந்த வயதில் பிரித்துக் கேட்டவர்கள், பத்துப் பன்னிரண்டு மாசத்தில் பெரும்பாலும் பிரிக்க முடியாமல் போனார்கள். வீட்டில் கேட்காத ஒலியை மூளை கழித்துவிட்டது. ல, ள, ழ மூன்றும் உங்கள் மகளுக்கு நிற்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது அவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் வருமோ அதில் பேசுங்கள். தெலுங்கு, மலையாளம், உருது என்று வீட்டில் இரண்டு மொழி இருந்தால் இரண்டும் இருக்கட்டும், குழந்தை குழம்பாது. 'பேபி, லுக், க்ரோ' என்று தடுமாறி இங்கிலீஷ் பேசும்போது குரலின் ஏற்ற இறக்கம் செத்துவிடுகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஆயாக்கள் இயல்பாகவே இழுத்து, ராகம் போட்டு, குரலை உயர்த்திப் பேசுவார்கள். அதைக் கேலி செய்யாமல் பின்பற்றலாம்.

யூடியூப் பாட்டு? இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. காரணம் கதிர்வீச்சு என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். காரணம், திரை பதில் சொல்லாது. 2003-ல் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடியபடி பேசியதைக் கேட்டவர்கள் அந்த ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் கேட்டவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. பாப்பா பார்க்காவிட்டாலும் சீரியல் ஓடிக்கொண்டிருந்தாலே நஷ்டம்தான்: டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்கள் பேசும் சொற்கள் ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை குறைவதை 2009-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயாவின் சீரியலைப் பிடுங்க வேண்டாம், பாப்பா தூங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் அப்பாவுக்கு ஐந்து நிமிஷம் போதும், ஆனால் பாப்பா பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில். அவர் தொடர்ந்து பேச வேண்டாம். நாக்கை நீட்டட்டும், கையால் முகத்தை மூடித் திறக்கட்டும். சிக்னல் இழுத்தால் வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள், தாமதமாக வரும் சிரிப்பு குழந்தைக்குப் பதிலாகத் தெரியாது. போன் பிடிப்பவர் நடுவில் இருந்து 'அப்பா கூப்பிடறாங்க பாரு' என்று இணைத்துவிட வேண்டும்.

விளையாட்டுச் சாமான் என்றால் எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, கசங்கும் காகிதம், பனை ஓலைக் கிலுகிலுப்பை. ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை 1980-களில் எடுத்து, அதில் ஒரு பகுதி வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துத் தாய்க்கு விளையாடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைகள், விளையாட்டு கிடைக்காத கூட்டத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். திருவிழாக் கடைச் சாயப் பொம்மைகளில் ஈயச் சாயம் இருக்கலாம், மணி கழன்று தொண்டைக்குப் போகலாம். அதற்கு எவர்சில்வர் எவ்வளவோ மேல். பாப்பா மூடிய தன் முஷ்டியைவிடச் சின்னதாக எதையும் தரையில் விடாதீர்கள். பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தம் என்றால் முந்திரியும் பலாக்கொட்டையும் வீட்டில் உருண்டுகொண்டிருக்கும், கவனம்.

ஆறு மாசம் முடிந்ததும் சாப்பாடும் மூளைக் கணக்கில் வரும், முக்கியமாக இரும்புச் சத்து. தாய்ப்பாலில் அது குறைவு, பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் ஆறு மாசத்தோடு தீரும். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் மட்டும் போதாது. அவற்றில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். ஈரல், முள் எடுத்த மீன், மசித்த பருப்போடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு இவையும் சேரட்டும். அரசு கொடுக்கும் இரும்பு சிரப் வாரம் இரண்டு முறை 1 மில்லி, ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயது வரை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு. ஒரு வயது வரை தேன் கூடாது. ஊட்டும்போது போனைக் காட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் பசியும் நிறைவும் தெரியாமல் போகும். வாய் திறப்பதும் முகம் திருப்புவதும் அவள் எடுக்கும் அடிதான்.

வேலைக்குப் போவதால் குழந்தையின் மூளை கெடாது. பகலில் பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளாக, பதில் சொல்கிற ஆளாக இருந்தால் போதும். பஸ் இறங்கி வீடு வந்ததும், கை கழுவிய பிறகு முதல் இருபது நிமிஷத்தைச் சமையலுக்கும் போனுக்கும் கொடுக்காமல் பாயில் அவளோடு இருங்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. இப்போதே தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை, கதவு அடித்துச் சாத்தினாலும் திடுக்கிடுவதில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, அடுக்குச் சத்தமோ கைச் சைகையோ இல்லை. பதினாறு மாசத்தில் ஒரு சொல்லும் இல்லை. வந்த திறமை ஏதாவது எந்த வயதிலாவது போய்விட்டது. இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள். 'அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று ஒத்திப்போடுவதில்தான் அதிக மாசங்கள் வீணாகின்றன. காது கேட்கும் சோதனை பிறந்தபோது செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இல்லையென்றால் உடனே செய்யச் சொல்லுங்கள். ஒரு மாசத்தில் சோதனை, மூன்று மாசத்தில் உறுதி, ஆறு மாசத்தில் சிகிச்சை தொடக்கம் என்பது கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனை வைத்துச் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், வலி கிடையாது. அரசின் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் மாவட்ட அளவில் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு, கிராம சுகாதார செவிலியர் வழிகாட்டுவார். புதுச்சேரிப் பக்கம் என்றால் கோரிமேடு ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கணவர் தூரத்தில், தூக்கம் குறைவு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, பாப்பா சிரித்தாலும் பதிலுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை என்றால் அது சோம்பலோ திமிரோ கிடையாது, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அழுகை நிற்காமல் உங்களுக்கு ஆத்திரம் ஏறினால் பாப்பாவைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வாசலுக்குப் போய்விடுங்கள். அழுதால் ஒன்றும் ஆகாது. பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். இதை ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.